கரு தங்காததும் இளவயதுப் பக்கவாதமும்: இரத்தத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியவை



பள்ளிவாசல் பொறுப்பில் இருக்கும் ஆலிம்களிடம் மக்கள் தொழுகைச் சட்டம் கேட்க மட்டும் வருவதில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நம்மிடம் வருபவற்றில் பாதி, வீட்டுக்குள் பேசி முடிக்க முடியாமல் போன விஷயங்கள்தாம். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாலிபர் தன் தாயாருடன் அப்படித்தான் வந்தார். (யார் என்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறோம்.)

தாயார்தான் பேசினார். "ஹஜ்ரத், மருமகளுக்கு மூணு தடவை கரு கலைஞ்சு போச்சு. ஓதிப் பார்த்தோம், தாயத்து கட்டினோம், ஒண்ணும் கேக்கல. இப்ப இருபத்தெட்டு வயசுல இடது கை இழுத்துக்கிச்சு. எக்கோ எடுத்துப் பார்த்தா இதயத்துல ஓட்டையாம். பொண்ணு வீட்டுக்காரங்க மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க. இந்த நிக்காஹ் செல்லுமா?"

மகன் தலை நிமிரவில்லை. தாயார் வெளியே போன பிறகு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது கர்ப்பத்தின்போது எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு அது. வி.டி.ஆர்.எல். என்ற வரிக்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று இருந்தது. அது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை மூன்று வருடமாக அவர் யாரிடமும் காட்டவில்லை, மனைவியிடமும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இது சாட்சியாகுமா ஹஜ்ரத்?"

நாம் மதரஸாவில் ஓதி, பிறகு கலைப் பிரிவில் ஒரு பட்டமும் வாங்கியவர்கள். மருத்துவம் படித்ததில்லை. ஆகவே அன்று பதில் சொல்லவில்லை. அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் சில நாட்களை அதற்கே செலவிட்டோம். கலைந்த கருக்கள், இழுத்துக்கொண்ட கை, இதயத்தில் ஓட்டை, அந்தக் காகிதம் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லும் ஒரு நோய் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது தெரியாது. அதனால்தான் விரிவாக எழுதுகிறோம்.

நோயின் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். சுருக்கமாக ஏ.பி.எஸ். என்பார்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருட்கள் தவறுதலாக நம் உடலின் சொந்தப் பொருட்களையே எதிரியாக எடுத்துக்கொள்ளும் தன்னுடல் தாக்கு நோய்களில் இதுவும் ஒன்று. இதில் அவை குறிவைப்பது, பாஸ்போலிப்பிட் எனும் கொழுப்புப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சில புரதங்களை. அதன் விளைவாக இரத்தம் தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில் உறைகிறது. காலின் சிரையில் உறைந்தால் கால் வீங்கும். அது நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டும். மூளைக்குப் போகும் தமனியில் உறைந்தால் பக்கவாதம். கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைப் பாதித்தால் கரு நிற்காது. நஞ்சுக்கொடியில் உறைவோடு வேறு சில கோளாறுகளும் சேர்ந்து நடக்கின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்த நோயை ஒரு தனி நோயாக அடையாளம் காட்டியவர் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் பணியாற்றிய கிரஹாம் ஹியூஸ். ஆண்டு 1983. ஹியூஸ் நோய் என்ற பெயரும் அதனால்தான் வந்தது. அதே 1983இல்தான், மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை இரத்த நாளங்களில் உறைவு ஏற்பட்ட 135 பேரைப் பற்றிய ஆய்வை 'ஆஞ்சியாலஜி' இதழில் வெளியிட்டார். அந்த 135 பேரில் யாருக்காவது இந்த எதிர்ப்பொருள் இருந்ததா என்று பார்க்கும் வசதி அன்று இல்லை. பேறுகாலத்தில் எல்லாப் பெண்களுக்குமே இரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்ற பழைய வழக்கம் அதை இன்னும் மோசமாக்கும். பிரசவம் ஆகிச் சில நாட்களில் கடுமையான தலைவலி, வலிப்பு, கை கால் தளர்ச்சி என்றால் 'பேறுகாலச் சன்னி' என்றோ 'காற்று பட்டது' என்றோ வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். இன்றும் சில ஊர்களில் இது நடப்பதால் சொல்கிறோம்.

அந்தக் காகிதம் சொன்னதும் சொல்லாததும்

இனி வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கு வருவோம். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனைகளில் இதுவும் உண்டு. தாய்க்குச் சிபிலிஸ் இருந்தால் குழந்தைக்கும் போய்விடும் என்பதால் எல்லாருக்குமே செய்கிறார்கள். யார் மீதும் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல.

ஆனால் இந்தப் பரிசோதனை சிபிலிஸ் கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளைப் பரிசோதனையில் வைத்து, அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. 1940களின் தொடக்கத்தில் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. இதயத்திலிருந்து வந்ததால்தான் 'கார்டியோ' என்ற பெயர். (ஆன்டி கார்டியோலிப்பின் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தவுடன் இதய நோய் என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயருக்கும் இதய நோய்க்கும் சம்பந்தமில்லை.) சிபிலிஸ் வந்தவரின் உடலில் இந்த எதிர்ப்பொருள் உண்டாகும். ஏ.பி.எஸ். நோயாளியின் உடலிலும் இதே வகை எதிர்ப்பொருள் இருக்கலாம். லூப்பஸ் எனும் மற்றொரு தன்னுடல் தாக்கு நோயிலும் இருக்கலாம். சில வேளைகளில் மலேரியா போன்ற வேறு தொற்றுகளிலும், ஏன், கர்ப்பத்தினாலேயே கூட 'பாசிட்டிவ்' வரலாம். சிபிலிஸ் இல்லாமலேயே இந்தப் பரிசோதனை பாசிட்டிவாக வரும் மனிதர்கள் உண்டு என்பதையும், அவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூப்பஸ் வெளிப்படுகிறது என்பதையும் 1950களிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதிவிட்டார்கள்.

ஆகவே வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்றால், அடுத்த பரிசோதனை செய்ய வேண்டும் என்றுதான் பொருள். சிபிலிஸ் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைப் பார்க்கும் டி.பி.எச்.ஏ. என்ற பரிசோதனை இருக்கிறது. அது நெகட்டிவ் என்றால் முதல் முடிவு பொய்யான பாசிட்டிவ். நம்மிடம் வந்தவரின் மனைவிக்கு இரண்டாவது பரிசோதனை செய்யப்படவே இல்லை. செய்யச் சொன்னார்களா, இவர்கள் போகவில்லையா என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. மூன்று வருடம் கழித்துச் செய்தபோது நெகட்டிவ்.

அது பாசிட்டிவாக வந்திருந்தாலும் நம் பதில் மாறியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிபிலிஸ் தாயிடமிருந்து பிறவியிலேயே வரலாம், கணவனிடமிருந்தும் மனைவிக்கு வரலாம். கற்புள்ள பெண்ணின் மீது பழி சொல்பவனிடம் சூரா அந்நூர் கேட்பது நேரில் கண்ட நான்கு சாட்சிகளை. இரத்தப் பரிசோதனைக் காகிதம் அதில் ஒரு சாட்சிக்கும் ஈடாகாது. இதைக் கேட்டுவிட்டு அந்த வாலிபர் வெகு நேரம் அழுதார்.

குழாயில் ஒன்று, உடலில் வேறொன்று

இந்த நோயில் மருத்துவர்களையே குழப்பும் விசித்திரம் ஒன்று உண்டு. இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ஏ.பி.டி.டி. என்ற பரிசோதனை, அறுவை சிகிச்சைக்கு முன் பலருக்குச் செய்யப்படுவது. ஏ.பி.எஸ். நோயாளிகள் பலருக்கு இதில் நேரம் அதிகமாக, அதாவது இரத்தம் தாமதமாக உறைவதாகக் காட்டும். பார்ப்பவர், இவருக்கு இரத்தப்போக்கு ஆபத்து இருக்கிறது என்று நினைப்பார். உண்மை நேர் எதிர். பரிசோதனைக் குழாயில் இரத்தம் உறைவதற்குப் பாஸ்போலிப்பிட் சேர்க்கிறார்கள். இந்த எதிர்ப்பொருட்கள் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுத்துவிடுகின்றன. குழாயில் மட்டும் தாமதம், உடலுக்குள் இரத்தம் உறையத் துடிக்கிறது. 1952இல் லூப்பஸ் நோயாளிகளிடம் இந்தத் தாமதத்தை முதலில் கண்டவர்கள் இதை உறைவைத் தடுக்கும் பொருள் என்று கருதினார்கள். அதனால் லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று பெயர் வந்துவிட்டது. பெயரில் இரண்டு தவறுகள்: இது உள்ளவர்களில் பலருக்கு லூப்பஸ் இல்லை, இது உறைவைத் தடுப்பதும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரிப்போர்ட்டில் பார்த்தால் பயப்படாமல், ஆனால் அலட்சியமும் செய்யாமல் இருங்கள்.

இன்னொரு குழப்பம் தட்டணுக்கள். இந்த நோயில் பிளேட்லெட் எண்ணிக்கை ஓரளவு குறைந்திருக்கலாம். நம் மாவட்டத்தில் பிளேட்லெட் குறைந்தது என்றாலே டெங்கு, உடனே பப்பாளி இலைச் சாறு. காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் குறைந்தே இருந்தால் காரணம் வேறு என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலில், குறிப்பாகத் தொடையிலும் முழங்காலைச் சுற்றியும், வலை விரித்தது போல ஊதா நிறக் கோடுகள் தெரிவதும் இதன் அடையாளங்களில் ஒன்று. பெண்கள் இதை யாரிடமும் காட்டுவதில்லை, பெண் மருத்துவரிடமாவது காட்ட வேண்டும்.

இதயத்தில் ஓட்டை

தாயார் சொன்ன 'ஓட்டை'தான் நமக்கு மிகவும் பாடம் கற்பித்தது.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. நுரையீரலுக்கு அப்போது அதிக இரத்தம் தேவையில்லை. ஆகவே இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு நேராக இரத்தம் போக ஒரு சிறு வாசலை அல்லாஹ் வைத்திருக்கிறான். ஃபோரமென் ஓவேல் என்று அதற்குப் பெயர். அந்த வாசலுக்கு ஒருபக்கக் கதவு போல ஒரு மெல்லிய மடிப்பும் உண்டு. குழந்தை பிறந்து முதல் அழுகை அழும்போது நுரையீரல் விரிகிறது, இடது பக்க அழுத்தம் கூடுகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. பிறகு மெல்ல மெல்ல ஒட்டி நிரந்தரமாக மூடிவிடும். ஆனால் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டுவதில்லை. சாத்தியே இருக்கும், ஆனால் தாழ்ப்பாள் இல்லை. இதைத்தான் பி.எஃப்.ஓ. என்கிறார்கள்.

நான்கில் ஒருவர்! ஜும்ஆவுக்கு நானூறு பேர் வந்தால் அதில் சுமார் நூறு பேருக்கு இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலேயே வாழ்ந்து, வேறு காரணத்தால் மரணிப்பார்கள். "உங்களுக்கே இருக்கலாம் தம்பி, எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்" என்று அந்த வாலிபரிடம் சொன்னோம். பெண் வீட்டார் மறைத்தார்கள் என்ற பேச்சு அதோடு நின்றது. அவர்களுக்கே தெரியாத ஒன்றை எப்படி மறைக்க முடியும்? ஃபிக்ஹில் நிக்காஹை முறிக்கக் காரணமாகும் குறைகள் என்று ஷாஃபிஈ மத்ஹபில் எண்ணிச் சொல்லப்பட்டவை சிலவே. ஹனஃபி மத்ஹபில் மனைவியிடம் உள்ள குறைக்காகக் கணவனுக்கு அந்த உரிமையே இல்லை. இந்த ஓட்டை எந்தப் பட்டியலிலும் வராது. மேலறைகளுக்கு நடுவே சுவரே இல்லாமல் பெரிய துளையாக இருக்கும் ஏ.எஸ்.டி. என்பது வேறு. அது பிறவிக் குறை, பெரிதாக இருந்தால் மூட வேண்டியிருக்கும். இரண்டையும் ஊரில் 'ஓட்டை' என்றே சொல்வதால்தான் இத்தனை கலவரம்.

சரி, இந்த வாசலுக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு? கால் சிரையில் உறைந்த இரத்தக் கட்டி வழக்கமாக வலது இதயத்துக்கு வந்து நுரையீரலுக்குத்தான் போகும். நுரையீரல் ஒரு சல்லடை, மூளைக்கு விடாது. இருமும்போதும் முக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் வலது பக்க அழுத்தம் ஒரு கணம் கூடும். தாழ்ப்பாள் இல்லாத கதவு திறக்கும். அந்தக் கணத்தில் கட்டி வந்து சேர்ந்தால் இடது பக்கம் நழுவி நேராக மூளைக்குப் போய்விடும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் கோன்ஹைம் 1877இலேயே இப்படி நடப்பதை விவரித்திருக்கிறார்.

இங்கேதான் நோயைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் வருகிறது. இளவயதில் பக்கவாதம் வந்தவருக்கு எக்கோவில் ஓட்டை தெரிந்துவிட்டால், குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எல்லோருக்கும் திருப்தி. குடும்பத்துக்கும் கையில் பிடிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் நான்கில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று, இவருக்கும் தற்செயலாக இருக்கலாம் அல்லவா? ஓட்டை இருந்தும் அது பக்கவாதத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஓட்டை வெறும் பாதையாக இருந்து, கட்டியை உண்டாக்கியது ஏ.பி.எஸ். ஆக இருக்கலாம். ஓட்டையே இல்லாவிட்டாலும் இந்த நோயில் மூளைத் தமனியிலேயே நேராக இரத்தம் உறையலாம். அப்படியானால் ஓட்டையை அடைத்து என்ன பயன்? வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று ஒரு ஜன்னலை மட்டும் மூடிவிட்டு, உடைந்த குழாயை விட்டுவிடுவது போலத்தான்.

ஓட்டையை மூடும் சிகிச்சை வீண் என்று நாம் சொல்லவில்லை. தொடையின் சிரை வழியாகக் கம்பி செலுத்தி, இரு தட்டு வடிவச் சாதனத்தால் வாசலை அடைக்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. 2017இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள், 60 வயதுக்கு உட்பட்ட, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத பக்கவாத நோயாளிகளில் பொருத்தமானவர்களுக்கு இது மறுபடி வருவதைக் குறைக்கிறது என்று காட்டின. 'வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வேறு காரணத்தைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்பது அதற்குள் இருக்கிறது. சாதனம் வைக்கலாம் என்று சொல்லும் மருத்துவரிடம், "ஏ.பி.எஸ். பரிசோதனை செய்தாகிவிட்டதா சார்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

ஓட்டையைக் கண்டவுடன் எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைப்பதன் ஆபத்துக்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. இஸ்ரேல் பிரதமராக இருந்த ஏரியல் ஷரோனுக்கு 2005 டிசம்பர் 18 அன்று லேசான பக்கவாதம் வந்தது. (அவருடைய அரசியலைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பேசுவது மருத்துவம்.) பரிசோதனையில் இதயத்தில் சிறு ஓட்டை தெரிந்தது. உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்து, ஜனவரி 5 அன்று ஓட்டையை மூட நாள் குறித்தார்கள். ஜனவரி 4 அன்று மூளையில் பெரும் இரத்தக் கசிவு ஏற்பட்டது. 2014 ஜனவரியில் இறக்கும்வரை அவர் நினைவு திரும்பவில்லை. அவருடைய மூளை இரத்த நாளங்களே பலவீனமாக இருந்தன என்றும், அந்த நிலையில் அந்த மருந்து சரிதானா என்றும் மருத்துவர்கள் பிறகு நீண்ட நாள் விவாதித்தார்கள். அவருக்கு ஏ.பி.எஸ். இல்லை. ஆனால் ஓட்டைக்கு அப்பாலும் பார்க்க வேண்டும் என்பது அவர் விஷயத்தில் உலகுக்கே தெரிந்தது.

வால்வு விஷயமும் இப்படித்தான். ஏ.பி.எஸ். மற்றும் லூப்பஸ் நோயாளிகளுக்கு இதய வால்வுகளில் மருக்கள் போல் சிறு வளர்ச்சிகள் உண்டாகலாம். நியூயார்க்கில் லிப்மன், சாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1924இல் இதைக் கண்டதால் அவர்கள் பெயரே வழங்குகிறது. நம் நாட்டில் சிறுவயது மூட்டுக் காய்ச்சலால், அதாவது ருமாட்டிக் காய்ச்சலால், வால்வு கெடுவது சகஜம். ஆகவே தடித்த வால்வைப் பார்த்தவுடன் அதுதான் என்று முடிவு செய்ய வாய்ப்பு அதிகம். வால்வில் கிருமித் தொற்று என்று நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றப்படுவதும் உண்டு. வால்வு கோளாறோடு கருச்சிதைவும், கால் வீக்கமும், இளவயதுப் பக்கவாதமும் சேர்ந்திருந்தால் அந்த விவரங்களை இதய மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். எக்கோ அறையில் உங்கள் கருச்சிதைவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மகப்பேறு மருத்துவரும் கணவரின் தாயாரின் முன்னால் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

பரிசோதனையும் மருந்தும்

பரிசோதனைகள் மூன்று: லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டி கார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு கூட இந்த எதிர்ப்பொருட்கள் தற்காலிகமாகத் தோன்றி மறையும். குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோயை உறுதி செய்வார்கள். பலர் இரண்டாவது பரிசோதனைக்குப் போவதில்லை. உறைவைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்தால் லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவு தவறாக வரலாம் என்பதால், எந்த மருந்து எடுக்கிறோம் என்று இரத்தம் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். எல்லாக் கருச்சிதைவுக்கும் இது காரணமல்ல. பெரும்பாலான ஆரம்பக் கருச்சிதைவுகள் கருவிலேயே உள்ள மரபணுக் கோளாறால் நிகழ்பவை. பத்து வாரத்துக்கு முன் மூன்றும் அதற்கு மேலும் அடுத்தடுத்துக் கலைந்திருந்தால், அல்லது பத்து வாரத்துக்குப் பிறகு ஒரு முறையேனும் காரணம் தெரியாமல் குழந்தை இறந்திருந்தால் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

இரத்தக் கட்டி ஏற்கெனவே வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வார்ஃபரின் மாத்திரை, நீண்ட காலத்துக்கு. ஐ.என்.ஆர். என்ற அளவைப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2008இல் வந்த பிறகு பெரிய மருத்துவத்துக்கெல்லாம் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. இரத்தம் பார்க்காமலேயே சாப்பிடக்கூடிய புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று சிலர் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். மூன்று பரிசோதனையும் பாசிட்டிவான ஏ.பி.எஸ். நோயாளிகளுக்கு ரிவராக்ஸபன் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்று, அவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் கூடுதலாக வந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2018இல் முடிவு வெளியானது. வார்ஃபரின் சாப்பிடும்போது முருங்கைக்கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லை என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் அதைவிட ஆபத்து.

ஹிஜாமா பற்றியும் சொல்ல வேண்டும். சுன்னத் என்ற ஆர்வத்தில் செய்துகொள்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். வார்ஃபரின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தோலைக் கீறிக்கொள்வது ஆபத்து. ஹிஜாமாவுக்காக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் இந்த நோயில் மருந்து நின்ற நாட்களில்தான் கட்டி வரக் காத்திருக்கிறது. ஹிஜாமா செய்பவர்களும் மருந்து விவரம் கேட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு வார்ஃபரின் ஆகாது. முதல் மாதங்களில் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கும். மாதவிடாய் தள்ளிப்போன உடனேயே மருத்துவரிடம் போக வேண்டும், இரண்டாம் மாதம் வரை காத்திருக்கக் கூடாது. அவர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரினும், வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். இந்தச் சிகிச்சையோடு பத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் உயிருடன் குழந்தை பெறுகிறார்கள் என்கிறார்கள். மூன்று முறை இழந்த ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

இந்த ஹெப்பாரினில் நம் மக்களுக்கு ஒரு தயக்கம் வரும். வர வேண்டியதுதான். இன்று பயன்படும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. எனொக்ஸாபரின் போன்ற ஊசிகளும் அப்படியே. அட்டைப்பெட்டியில் படித்துவிட்டு ஊசியை நிறுத்திய ஒரு சகோதரி, ஐந்தாம் மாதத்தில் குழந்தையை இழந்ததை அறிவோம். யாராவது ஓர் ஆலிமிடம் கேட்டிருந்தால்! முஸ்லிம் உலக லீகின் ஃபிக்ஹ் கவுன்சில் 2003 டிசம்பரில் மக்காவில் கூடி, குறிப்பாக இந்தக் குறை மூலக்கூறு எடை ஹெப்பாரினைப் பற்றியே விவாதித்தது. அதற்கு ஈடான ஹலாலான மாற்று இல்லாதபோது பயன்படுத்தலாம் என்று முடிவு சொன்னது. ஃபொண்டபாரினக்ஸ் என்ற செயற்கை மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் முதல் தேர்வு ஹெப்பாரின்தான். மருத்துவர் இதுதான் வேண்டும் என்றால், மனம் உறுத்தாமல் போட்டுக்கொள்ளலாம். நிர்ப்பந்தத்தில் இருப்பவர் மீது குற்றமில்லை என்பது மார்க்கத்தின் தெளிவான சட்டம். தோலில் போடும் இந்த ஊசியால் நோன்பு முறியாது என்பதே இன்றைய ஆலிம்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆனால் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் நோன்பை விடச் சலுகையே இருக்கும்போது, உடலில் நீர் வற்றுவது இரத்தம் உறைய உதவும் என்று தெரிந்தும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வார்ஃபரின் மட்டும் எடுத்து நிலையாக இருப்பவர்கள் மருத்துவர் அனுமதித்தால் இஃப்தாருக்குப் பிறகு மாத்திரை எடுத்து நோன்பு வைக்கிறார்கள்.

பாலக்கோட்டுச் சகோதரிக்கு 12 வாரம் கழித்துச் செய்த பரிசோதனையிலும் மூன்றும் பாசிட்டிவ். ஓட்டையை இப்போதைக்கு மூட வேண்டாம் என்று மருத்துவர்கள் முடிவெடுத்து வார்ஃபரினில் வைத்திருக்கிறார்கள். கை முக்கால்வாசி திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பொத்தான் போட மட்டும் இன்னும் சிரமமாம். மாமியார் போட்டுவிடுகிறாராம்.

சில மாதங்களுக்கு முன் அந்த வாலிபர் போனில் அழைத்தார். குடும்பத்தோடு உம்ரா போகிறார்களாம். அந்த நாட்களில் மாதவிடாய் வராதிருக்க மனைவிக்கு மாத்திரை வாங்கலாமா என்று கேட்டார். நம் பெண்கள் பலர் உம்ராவுக்கும் ரமளானுக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அதே மாத்திரைதான். ஹார்மோன் மாத்திரைகள் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியவை, ஏ.பி.எஸ். உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாதவிடாய் வந்தால் தவாஃபுக்குச் சுத்தமாகும்வரை காத்திருப்பதுதான் சட்டம், அதற்கேற்ப நாள் கூட்டிச் சீட்டுப் போடுங்கள் என்றோம். விமானத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், புறப்படும் வாரம் ஐ.என்.ஆர். பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னோம். பத்து நாள் பயணத்தைப் பதினைந்தாக மாற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள்.